ஒன்றரை வயதுப் பயில்வான்கள்: கேள்வி பதில்

குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவராகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நடை பழகும் பிள்ளைகளின் உடல்திறனைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: பிள்ளையை ஒரு கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

என் மகளுக்கு 17 மாதம். தரையில் கிடக்கும் ஒற்றைக் கடுகைப் பொறுக்கக் குதிகால் பதியக் குந்துகிறாள்; கையூன்றாமல் எழுகிறாள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் எனக்கு இது வரவில்லையே?

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. அந்த வயதில் தலையே உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, கால்கள் குட்டை. அதனால் குந்தும்போது எடை பாதத்தின் மேலேயே நிற்கிறது. மூட்டுகளும் நன்றாக வளைந்து கொடுக்கும். நாற்காலியில் உட்கார்ந்தே கணுக்காலை இறுகவைத்துக்கொண்டது நாம்தான்.

உடல்வாகு பாதி, உழைப்பு பாதி. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதப் பிள்ளைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்துவைத்தார்கள். 17 முறை விழுந்தார்கள். பதினேழு முறை விழுந்தபின் எழுந்து கரண்டியைத் தேடிப் போகும் பெரியவர் யார்?

சென்ற வாரம் ஒரு பையன் என் அறையிலிருக்கும் மூன்று படிப் பலகையில், நாக்கை வெளியே நீட்டியபடி, முழங்காலில் கை கொடுத்து ஏறினான். வயிற்றால் சறுக்கி இறங்கி, மறுபடி ஏறினான். 23 வரை எண்ணினேன். பிறகு அவனுடைய அம்மா தண்ணீர் கேட்டார், அவன் கேட்கவில்லை.

வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். நடையை அது விரைவுபடுத்தாது; படிக்கட்டுக்கும் அடுப்புக்கும்தான் விரைவாகக் கொண்டுபோகும். கனடா 2004-இலேயே தடை செய்துவிட்டது.

பேரனுக்கு 14 மாதம். இன்னும் நடக்கவில்லை.

தனியாக நடக்கும் வயதாக உலக சுகாதார நிறுவனம் தருவது ஏறக்குறைய 8 முதல் 17½ மாதம் வரை. அந்த ஆய்வில் நம் நாட்டுக் குழந்தைகளும் இருந்தார்கள். பிள்ளைத்தமிழ்கூடக் குழந்தையை நடந்துவர அழைக்கும் வருகைப் பருவத்தை ஓராண்டை ஒட்டித்தான் வைத்திருக்கிறது. பதினெட்டு மாதம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு ஓடுகிறவனுக்கு என்ன கஞ்சி கொடுக்கலாம்?

குழந்தைநல மருத்துவரைக் கேளுங்கள். என் துறை அல்ல.

மகன் செய்வதையெல்லாம் அரை மணி நேரம் நானும் செய்தேன். இரண்டு நாளாக முட்டி வலி.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதியளவு குந்திப் பழகுங்கள். ஆட்டத்தில் அவனை ஒரு கையால் சுழற்றாதீர்கள். ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டு எளிதில் நழுவும். கையை அசைக்காமல் தொங்கவிட்டபடி அழும் பிள்ளைகள் வருவது இதனால்தான்.

வாக்கரில் தினமும் இருபது நிமிடம் மட்டும்?

மேலே படியுங்கள். வேண்டாம்.

டாக்டரம்மா, என் நான்கு பிள்ளைகளும் நடைவண்டி பிடித்துத்தான் நடந்தார்கள். அதையும் சேர்த்துத் திட்டுகிறீர்களே?

திட்டவில்லை, அம்மா. வாக்கரில் பிள்ளை தொட்டிலில் தொங்குவதுபோல் உட்கார்ந்து, கால் விரலால் உந்துகிறது. உங்கள் மரவண்டியில் தன் காலில் நின்று, தன் எடையைத் தானே சுமந்து தள்ளுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். எங்கள் வீட்டு டைல்ஸ் தரையில் நடைவண்டி முன்னால் ஓடி, மகளுக்கு உதடு கிழிந்தது. அதையும் தடை செய்ய வேண்டும்.

உங்கள் பயம் நியாயம். மண் தரைக்குச் செய்த வண்டி அது. வழவழப்பான தரையில் சக்கரம் நிற்காது.

அதற்குத்தான் வண்டியில் மணல் மூட்டை கட்டுவோம். யாராவது கூடவே நடப்போம்.

அம்மா சொல்வதே சரி. பாரம் ஏற்றினால் வண்டி மெதுவாகும். பிள்ளைக்கும் தள்ள வலு வேண்டும். மொட்டைமாடியின் சொரசொரப்பான தளத்தில், ஒருவர் பக்கத்தில் இருக்க, தாராளமாகத் தள்ளட்டும். ஆள் இல்லையென்றால் வண்டியைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

மடக்கு வாக்கர் பரவாயில்லையா?

மடக்கியே வைத்திருங்கள்.

எவ்வளவு நேரம் ஓடவிடலாம்?

ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். ஒரே இருப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ கட்டிவைக்கக் கூடாது. களைத்தால் அவனே உட்கார்ந்துவிடுவான். பஸ்ஸில் ஏற்றும்போது இரு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள்.