தக்காளி இலையில் வெள்ளைக் கோடு: மருந்து அடித்தும் ஏன் கூடுகிறது?

கேள்வி: தக்காளி நட்டு ஒரு மாதம் ஆகிறது. அடி இலைகளில் பாம்பு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள். இரண்டு முறை மருந்து அடித்தும் குறையவில்லை. இப்போது பக்கத்தில் இருக்கும் பீன்ஸிலும் தெரிகிறது. இது எங்கிருந்து வருகிறது, எப்படிப் பரவுகிறது?

பதில்: வணக்கம். இது இலைத் துளைப்பான். கோடு போடுவது புழு. அதற்குத் தாய், கருப்பும் மஞ்சளும் கலந்த, 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஓர் ஈ. பெண் ஈ இலையைக் குத்திச் சாறு குடிக்கும். பொடிப்பொடியாகத் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் அந்தக் குத்துகள்தான். அவற்றில் சிலவற்றில் மட்டும் இலைக்குள்ளேயே முட்டை வைக்கும். சூடான நாட்களில் மூன்று நாள் போல ஆனதும் முட்டை பொரிந்து, புழு மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே தின்றுகொண்டே போகும். புழு பருக்கப் பருக்கக் கோடும் அகலமாகும். ஒரு வாரம் போல ஆனதும் இலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். அதிலிருந்து ஈ வர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். குளிர் என்றால் எல்லாமே இழுத்துக்கொண்டு போகும்.

உங்கள் மருந்து ஏன் கேட்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. முட்டையும் புழுவும் இலைக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். மேலே படும் மருந்து ஈயைத்தான் தொடும். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு: இந்தப் புழுவைக் கொல்லும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளும் அதில் செத்துவிடும். பைரித்ராய்டு (ஒரு வகைச் செயற்கைப் பூச்சிக்கொல்லி) போன்ற மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்த வயலில் இலைத் துளைப்பான் பெருகுவது இதனால்தான்.

அதனால் அடுத்த முறை டேங்கைத் தூக்குமுன் ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கோட்டுக்குள் கருப்பாகத் தெரிவது புழுவின் எச்சம். அகலமான முனையில் மஞ்சள் புழு அசைகிறதா, அல்லது சின்னக் கிழிசலோடு காலியாக இருக்கிறதா? காலிக் கோடு இலை உதிரும்வரை அப்படியேதான் இருக்கும், அதற்கு மருந்து வீண். புழு கருத்துச் சுருங்கிக் கிடந்தால் குளவி வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். தயவுசெய்து அதைக் கெடுக்காதீர்கள்.

பரவுவதைப் பொறுத்தவரை, இந்த ஈ தானாக வெகுதூரம் பறக்காது. புதிய வயலுக்குப் பெரும்பாலும் நாற்றோடுதான் வருகிறது. இலைக்குள் இருக்கும் முட்டை கண்ணுக்குத் தெரியாது. வந்த பிறகு பீன்ஸ், வெள்ளரி, கத்தரி, வரப்புக் களை என எதிலும் பிழைத்துக்கொள்ளும்.

இப்போதைக்குக் கோடு விழுந்த அடி இலைகளைக் கிள்ளி, பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். வயலிலேயே போட்டால் புழு இறங்கி மண்ணுக்குள் போய்விடும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் ஈ நடமாட்டம் தெரியும். நடு இலைகளிலும் உயிருள்ள புழு நிறைய இருந்தால் மட்டும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். செடி வாளிப்பாக இருந்தால் அடி இலைச் சேதத்தை அதுவே ஈடுகட்டிவிடும்.

அப்புறம், கோடாக இல்லாமல் திட்டுத்திட்டாக இலை வெளுத்து, காயிலும் துளை இருந்தால் அது ஊசிப்புழு, வேறு பூச்சி. அப்படி இருந்தால் படத்தோடு மறுபடி எழுதுங்கள்.