பழைய பைக் டிரையல்ஸ்: கண் பூட்ஸ் மேல் இருக்கட்டும்

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் நான் போகும்போது, கிராமத்துப் பக்கம் நடக்கும் பழைய மோட்டார் சைக்கிள் டிரையல்ஸ் போட்டிக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். முப்பது வருஷம் புல்லட் ஓட்டியவன் நான். பந்தயம் என்றால் வேகம் என்றுதான் எனக்குத் தெரியும். இதில் வேகமே கிடையாதாமே? அங்கே எதைப் பார்ப்பது, எங்கே நிற்பது, என்ன எடுத்துக்கொண்டு போவது?
– ஒரு வாசகர்

பதில்: உங்கள் மகன் சொன்னது சரி. டிரையல்ஸில் யார் முதலில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை, யார் கால் ஊன்றாமல் வந்தார் என்றுதான் கேட்பார்கள். அதனால் போனதும் பைக்கைப் பார்க்காதீர்கள், ஓட்டுகிறவரின் பூட்ஸைப் பாருங்கள். அது பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

ஓடை, வழுக்குப் பாறை, மரவேர், சேற்று மேடு என்று கஷ்டமான இடமாகப் பார்த்துக் கொடியும் டேப்பும் கட்டியிருப்பார்கள். ஒவ்வோர் இடமும் ஒரு செக்‌ஷன். கிளப் போட்டியில் வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு செக்‌ஷன் இருக்கும், அதையே மூன்று நான்கு சுற்று வர வேண்டும். சிவப்பு அடையாளம் வலப்பக்கம், நீலம் இடப்பக்கம், பைக் இரண்டுக்கும் நடுவே போக வேண்டும். முன்சக்கரத்தின் அச்சு தொடக்கப் பலகையைத் தாண்டியது முதல் முடிவுப் பலகையைத் தாண்டும் வரைதான் கணக்கு. பக்கத்தில் அட்டையும் பென்சிலுமாக நிற்பவர் அப்சர்வர். அவர் சொல்வதே தீர்ப்பு.

கால் படாமல் வந்தால் 0, அதைக் 'கிளீன்' என்பார்கள். ஒரு முறை ஊன்றினால் 1, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. நின்றுபோனாலோ, விழுந்தாலோ, கொடிக்கு வெளியே போனாலோ 5. குறைவாக வாங்கியவர் ஜெயிப்பார். கால் என்று மட்டும் இல்லை, தோள் மரத்தில் சாய்ந்தாலும் கை பாறையில் பட்டாலும் ஊன்றியதாகத்தான் எழுதுவார்கள். பழைய பைக் போட்டிகள் பெரும்பாலும் 'நிற்கக் கூடாது' விதியில் நடப்பவை. சக்கரம் முன்னால் உருள்வது நின்ற நொடியே 5. நின்ற இடத்தில் பைக்கைத் துள்ள வைத்துத் திருப்புகிற இன்றைய வித்தைக்கு இங்கே இடமில்லை.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்றாவது முறை கால் போய்விட்டால் அதன் பிறகு எத்தனை முறை ஊன்றினாலும் மார்க் ஏறாது, ஆனால் நின்றுவிட்டால் 5. அதனால் அழகாக ஏறிக்கொண்டிருந்தவர் திடீரென்று இரண்டு காலாலும் தரையை உதைத்துக்கொண்டு பைக்கை இழுத்துப் போவதைப் பார்ப்பீர்கள். அது தடுமாற்றம் இல்லை, 5 ஆகாமல் 3-லேயே முடித்துக்கொள்ளும் முடிவு. அந்த முடிவை அரை நொடியில் எடுக்கிறவர்தான் சாயங்காலம் பட்டியலில் மேலே இருப்பார். கடைசியில் இரண்டு பேர் சமமாக இருந்தால் யாருக்குக் கிளீன் அதிகம் என்று பார்ப்பது வழக்கம்.

செக்‌ஷன் செக்‌ஷனாக ஓடாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குறைந்தது ஒரு மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். ஓடையில் நுழைந்து, ஒரு வளைவு திரும்பி, ஒரு பாறைப் படி ஏறி வெளியே வருகிற மாதிரி இடம் கிடைத்தால் விடவே கூடாது. பைக்குகள் வருவதற்கு முன்னால் ஓட்டுநர்கள் இறங்கி நடந்து பார்ப்பார்கள். ஒருவர் ஒரு கல்லைப் பூட்ஸ் நுனியால் அழுத்தி ஆடுகிறதா என்று பார்ப்பார். இன்னொருவர் வெளியேறும் இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து வருவார். பின்னோக்கி நடப்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். படி ஏற பைக் எந்தக் கோணத்தில் வந்து சேர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற நுழைவைத் தேடுகிறார். கையில் ஒரு தாள் வைத்து வண்டி எண்ணையும் நீங்கள் போட்ட மார்க்கையும் எழுதி வாருங்கள். பத்து பேர் தாண்டுவதற்குள் உங்கள் எண்ணும் அப்சர்வர் எண்ணும் ஒன்றாகத் தொடங்கும்.

ஓட்டுகிறவர் ஃபுட்ரெஸ்ட்டில் நின்றபடி வருவார். வளைவில் பைக் உள்பக்கம் சாயும், அவர் உடம்பு வெளிப்பக்கம் போகும். சாலையில் நீங்கள் பழகியதற்கு நேர் எதிர். வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டில் எடை விழும்போதுதான் டயர் மண்ணைக் கவ்வும். பாறைப் படிக்கு ஒரு முழம் முன்னால் முழங்கால் மடங்கும், பிறகு நிமிரும், அந்த நிமிர்வில் முன்சக்கரம் மேலே போகும். அதே நேரத்தில் ஆக்ஸிலேட்டர் கை கொஞ்சமாகத்தான் திரும்ப வேண்டும். அதிகம் திருப்பினால் பின்சக்கரம் வெறுமனே சுற்றிப் பள்ளம் தோண்டிவிடும். சேற்று மேட்டில் பழகியவர்கள் முதல் கியரில் போகாமல் இரண்டாவதில் போவது இதற்காகத்தான்.

சத்தத்தையும் கேளுங்கள். பெரிய ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். அந்த இடைவெளியில் டயர் மறுபடி பிடிப்பைத் தேடிக்கொள்கிறது என்பது பழைய ஓட்டுநர்களின் நம்பிக்கை. கனமான ஃபிளைவீல் இருப்பதால் நடக்கிற வேகத்திலும் அணையாமல் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணும்படி வரும். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் கருவி) வைத்த பைக்கின் ஹேண்டில்பாரில் சின்ன லீவர் ஒன்று இருக்கும். இறுக்கமான வளைவுக்கு முன்னால் அதை நகர்த்தி இக்னிஷனைத் தாமதப்படுத்துவார்கள், துடிப்பு இன்னும் மெதுவாகும். இதைப் பக்கத்தில் நின்று கேட்பது தனி இன்பம்.

பைக்குகளைப் பொறுத்தவரை 'ப்ரீ-65' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையலை 1964-ல் சாமி மில்லர் என்ற வீரர் 500 சிசி ஏரியல் பைக்கில் ஜெயித்தார். மறு வருஷமே ஸ்பெயினின் புல்டாகோ ஷெர்பா என்ற எடை குறைந்த டூ ஸ்ட்ரோக்கில் அதே போட்டியை ஜெயித்தார். கனமான பிரிட்டிஷ் பைக்குகளின் காலம் அதோடு முடிந்தது. 1965 என்ற அந்த எல்லைக்கு முந்தைய வடிவமைப்புகள்தான் ப்ரீ-65: ஏரியல், ஏஜேஎஸ், மேட்ச்லெஸ், டிரையம்ஃப் கப், பிஎஸ்ஏ பாண்டம், வில்லியர்ஸ் இன்ஜின் பொருத்திய பலவகை பைக்குகள். பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர் வைத்த எழுபதுகளின் பைக்குகளுக்கு 'ட்வின்ஷாக்' என்று தனி வகுப்பு.

உங்கள் புல்லட்டும் இந்தச் சேற்றில் வளர்ந்ததுதான். 1948-ல் கோல்மோர் கப் டிரையலில்தான் ராயல் என்ஃபீல்டு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த புல்லட் முன்மாதிரிகளை இறக்கியது. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத ரிஜிட் ஃபிரேம்தான் பிடிப்புத் தரும் என்று டிரையல்ஸ் உலகம் நம்பிய காலம் அது. ஜானி பிரிட்டன் என்ற வீரர் 1952-லும் 1957-லும் புல்லட்டில் சிக்ஸ் டேஸ் ஜெயித்தார். பைக்குகளை நிறுத்தி வைக்கும் இடமான பேடாக்கில் டிரையல்ஸ் புல்லட் ஒன்று நின்றால் உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள்: முன்னால் 21 அங்குலச் சக்கரம், மேலே தூக்கிய சைலன்ஸர், அடியில் தகட்டுக் காப்பு. டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். சாலையில் நீங்கள் 20, 30 பி.எஸ்.ஐ. வைத்திருப்பீர்கள். இங்கே பின்சக்கரத்தில் 5 பக்கம்தான் இருக்கும், முன்னால் கொஞ்சம் கூட. அவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மில் நழுவி டியூப் வால்வைப் பிய்த்துவிடும். அதைத் தடுக்க டயரின் ஓரத்தை ரிம்மோடு பிடித்துக்கொள்ளும் போல்ட் ஒன்று போட்டிருப்பார்கள். ரிம்மில் வால்வைத் தவிர இன்னொரு நட்டு தெரிந்தால் அதுதான்.

பழைய வண்டி என்பதால் கோளாறும் நிறையப் பார்க்கலாம். ஓடையைத் தாண்டிய வில்லியர்ஸ் பத்து அடி போய் அணைந்தால், பெரும்பாலும் ஃபிளைவீலுக்குள் இருக்கும் பாயிண்ட்டில் தண்ணீர் போயிருக்கும். வெகுநேரம் ஐடிலிங்கில் வரிசையில் நின்ற டூ ஸ்ட்ரோக்கில் பிளக் எண்ணெய் பிடிக்கும், அதனால் வெளியே வந்ததும் ஒரு முறை முறுக்கி இன்ஜினைச் சுத்தம் செய்துகொள்வார்கள். சாய்ந்து விழுந்த பைக்கில் கார்புரேட்டர் வழிந்து பெட்ரோல் அதிகமாகிவிடும். அப்போது ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து உதைப்பதைப் பார்ப்பீர்கள், அது சரியான முறைதான்.

இனி நிற்கும் இடம். ஏற்றத்துக்கு நேர் கீழே ஒருபோதும் நிற்காதீர்கள். தோற்ற பைக் ஆள் இல்லாமல் அந்த வழியாகத்தான் திரும்பி வரும், பின்சக்கரம் கல்லையும் அந்தப் பக்கம்தான் வீசும். சரிவான இடத்தில் பள்ளத்துப் பக்கத்தை விட்டு மேட்டுப் பக்கம் போங்கள். டேப்பிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, படிக்குப் பக்கவாட்டில் நின்றால் கால், சக்கரம், முகம் மூன்றும் தெரியும். முடிவுப் பலகைக்கு நேர் எதிரேயும் வேண்டாம், ஏறி முடித்த வேகத்தில் அங்கே வருவார்கள். கண்ணெதிரே ஒருவர் விழுந்தாலும் பைக்கைப் பிடிக்க ஓடாதீர்கள். வெளியாள் கை பட்டால் அவருக்கு 5. ஆள் பைக்கின் அடியில் மாட்டிக்கொண்டால் மட்டும் யோசிக்காமல் போங்கள். செக்‌ஷனுக்குள் இருக்கும் கல்லையோ கிளையையோ நகர்த்துவது, குறுக்கே நடப்பது, வழி சொல்லிக் கத்துவது எதுவும் கூடாது. கைதட்டலாம், தாராளமாக.

எல்லாவற்றையும்விட முக்கியம் நிலம். இந்தப் போட்டிகள் நடப்பது விவசாயியின் அனுமதியில். அவர் ஒரு முறை மனம் வெறுத்தால் கிளப்புக்கு அந்த இடம் போய்விடும். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விடுங்கள். காரை வயல் வாசலிலோ, ஒரு வண்டி மட்டுமே போகும் குறுகிய சாலையில் வண்டிகள் ஒதுங்குவதற்கான இடத்திலோ நிறுத்தாதீர்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்மேல் ஏறக் கூடாது, ஒரு கல் சரிந்தால் பத்து கல் சரியும். ஆட்டு மந்தையைக் கண்டால் சுற்றிப் போங்கள்.

முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, மழைக் கோட்டு, கையுறை கட்டாயம். அசையாமல் நிற்கிற வேலை என்பதால் குளிர் காலில்தான் முதலில் ஏறும். பிளாஸ்கில் டீ, சாப்பாடு, குப்பைக்கு ஒரு பை, சேற்று பூட்ஸைப் போட இன்னொரு பை. பள்ளத்தாக்கில் போன் சிக்னல் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, வரைபடத்தை முன்பே மகனின் போனில் இறக்கிவிடச் சொல்லுங்கள். காலை பத்து மணி வாக்கில் தொடங்கிவிடும், ஒன்பதரைக்கே போனால் பேடாக்கில் பைக்குகளை நிதானமாகப் பார்க்கலாம். கேள்விகளை அப்போதே கேட்டுவிடுங்கள், செக்‌ஷன் வாசலில் வரிசையில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

இந்தப் போட்டி பிடித்துப்போனால், இன்னொரு வருஷம் மே மாதத் தொடக்கத்தில் பயணம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் கின்லாக்லெவன் என்ற சிற்றூரில் ப்ரீ-65 பைக்குகளுக்கு இரண்டு நாள் போட்டி. அதை ஒட்டியே பக்கத்து ஊரான ஃபோர்ட் வில்லியமில் சிக்ஸ் டேஸ். கின்லாக்லெவன் மலையில் தண்ணீர்க் குழாய்களை ஒட்டி ஏறும் 'பைப்லைன்' என்ற செக்‌ஷனுக்கு மகனைக் காலையிலேயே அழைத்துப் போகச் சொல்லுங்கள், நல்ல இடம் சீக்கிரம் நிறைந்துவிடும்.