அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பிலேயே எழுதிவிட்ட பிறகு அதிகாரப் பிரிவினை எதற்கு?

கேள்வி கேட்டவர் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: மக்கள் ஓட்டுப் போட்டு அமர்த்திய அரசை, யாரும் ஓட்டுப் போடாத நீதிபதிகள் தடுப்பது ஜனநாயகமா? அதற்குப் பிறகு வருகிறேன். அதிகாரப் பிரிவினை என்றால் சட்டம் இயற்றுவது, ஆட்சி நடத்துவது, தீர்ப்புச் சொல்வது ஆகிய மூன்றையும் தனித்தனிக் கைகளில் வைப்பது. முதலில் எழுதிவைத்த உரிமையின் கதை.

1936ஆம் ஆண்டு சோவியத் அரசியலமைப்பில் பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாமே இருந்தன. நீதிமன்ற முடிவோ அரசு வழக்கறிஞரின் ஒப்புதலோ இல்லாமல் யாரையும் கைது செய்யக் கூடாது என்றது 127ஆவது பிரிவு. நீதிபதிகள் சுதந்திரமானவர்கள் என்றுகூட 112ஆவது பிரிவு சொன்னது. அடுத்த ஆண்டே ரகசியப் போலீஸ் அதிகாரி, கட்சிச் செயலாளர், அரசு வழக்கறிஞர் என்று மூன்று பேர் உட்கார்ந்த குழுக்கள், குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மரண தண்டனை விதித்தன. 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 6,80,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதை அந்த அரசின் சொந்த ஆவணங்களே காட்டுகின்றன. பிடித்தவரும் தீர்ப்புச் சொன்னவரும் ஒரே மேலிடத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். 127ஆவது பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு முறையிட வேறு இடம் கிடையாது. அதிகாரப் பிரிவினை எதற்கு என்றால், அந்த வேறு இடம் இருப்பதற்குத்தான்.

அது சர்வாதிகாரம், ஜனநாயகத்தில் அப்படி நடக்காது என்று நினைப்பவர்கள் இந்தியாவின் நெருக்கடி நிலையைப் படிக்க வேண்டும். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. விசாரணையே இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில் வைத்தார்கள். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமைக்காக நீதிமன்றம் போவதையே குடியரசுத் தலைவர் உத்தரவு நிறுத்திவைத்தது. அப்படியும் ஒன்பது உயர் நீதிமன்றங்கள், ஆட்கொணர்வு மனுக்களை, அதாவது அடைத்துவைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் மனுக்களை, விசாரிக்கலாம் என்றே சொல்லின. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட வழி இல்லையா என்று நீதிபதி ஹெச்.ஆர்.கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். 1977 ஜனவரியில், பதவி மூப்புப்படி அவருக்கு வந்திருக்க வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு அடுத்தவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார்.

சரி, நீதிமன்றமே தவறிவிட்டதே, அப்புறம் பிரிவினையால் என்ன பயன்? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. அந்தத் தவறை முதலில் திருத்தியது நாடாளுமன்றம். 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளுக்காக (உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை 21ஆவது பிரிவுதான்) நீதிமன்றம் போவதைத் தடுக்க முடியாதபடி செய்தது. உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னது 2017இல்தான். நீதிபதிகள் புனிதர்கள் என்பதற்காக அதிகாரத்தைப் பிரிப்பதில்லை. ஒரு துறை சறுக்கும்போது நிமிர்ந்து நிற்க இன்னொன்று வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஓட்டுப் பற்றிய கேள்வி. 2024 டிசம்பர் 3 இரவு, தென் கொரிய அதிபர் யூன் சுக் இயோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். அரசியல் நடவடிக்கைகளுக்குத் தடை, ஊடகங்களுக்குக் கட்டுப்பாடு. அவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த அதிபர். சில மணி நேரத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 190 பேர் கூடி, ஒருவர்கூட எதிர்க்காமல் அதை நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள். அவர்களும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான். 2025 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. மக்களின் விருப்பம் முழுவதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. போன தேர்தலில் தோற்றவர்களும் மக்கள்தானே. அவர்களுடைய உரிமையை அடுத்த தேர்தல்வரை ஒத்திப்போட முடியாது.

ஒரு நாட்டில் இந்தப் பாதுகாப்பு கெட்டியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் உரிமைப் பட்டியலைப் படிப்பதில்லை. நீதிபதியை யார் நியமிக்கிறார், யார் இடம் மாற்றுகிறார், எப்போது ஓய்வு பெற வைக்கிறார் என்றுதான் பார்ப்பேன். ஹங்கேரியில் 2012 தொடக்கத்திலிருந்து நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62ஆகக் குறைத்தார்கள். உரிமைகளில் ஒரு வரியைக்கூட அதற்காக அழிக்க வேண்டியிருக்கவில்லை. மூத்த நீதிபதிகள் பலர் ஒரே வீச்சில் வெளியேற நேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று சொல்வதற்குள், அவர்கள் வகித்த தலைமைப் பொறுப்புகள் பலவற்றில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.