சைக்கிள் ஓட்டாத கணவர், மனைவியின் 300 கி.மீ. பயணத்துக்கு எப்படித் துணை நிற்கலாம்?

மனைவி 300 கிலோமீட்டர் பிரேவேக்கு (குறித்த கெடுவுக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) பயிற்சி எடுக்கிறார், நான் சைக்கிள் ஓட்டுவதில்லை, பயணத்தன்று காரில் அவர் பின்னாலேயே போகலாம் என்றிருக்கிறேன், வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கார் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அடாக்ஸ் க்ளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு சைக்கிள் சங்கம் வகுத்த பிரேவே விதிப்படி, பின்தொடரும் வண்டிக்கு அனுமதி கிடையாது. வீட்டு ஆட்கள் உதவலாம், அதுவும் கன்ட்ரோல் எனப்படும் சோதனை இடங்களில் மட்டும். நடுவழியில் நீங்கள் ஒரு தண்ணீர் பாட்டில் நீட்டினால்கூட அவர் ஓட்டியது செல்லாமல் போகலாம். உங்களால் ஆகிற உதவியில் பெரும்பகுதி அந்த நாளுக்கு முந்தைய மாதங்களில்தான் இருக்கிறது.

நான் இப்படி ஒருவருடைய துணையால் 200, 300, 400, 600 கி.மீ. பிரேவே நான்கையும் முடித்தவள். என் கணவர் சைக்கிளில் ஏறவே மாட்டார். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

300 கி.மீ.க்கு 20 மணி நேரம் கெடு. மணிக்கு 15 கி.மீ. போனால் போதும், இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சாப்பிட நின்றாலும், பஞ்சர் ஒட்ட நின்றாலும், கழிப்பறை தேடி அலைந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு ஈடுகொடுக்க வாரம் ஒரு நெடுந்தூர ஓட்டம் வேண்டும், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்துக்கொண்டு உடம்பைத் தேற விட வேண்டும். அந்த நெடுந்தூர நாளில் சாமான் எடுத்து வைப்பது முந்தின இரவே ஆரம்பித்துவிடும். விடியும் முன் கிளம்பினால் மதியம் திரும்பி, சாப்பிட்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்க வேண்டியிருக்கும். வீட்டில் அவ்வளவு நேரமும் வேறு யாரோ எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். என் கணவர் அந்த நாளை முழுசாக எடுத்துக்கொண்டார். "எப்ப வருவே?" என்று ஒருமுறைகூட போன் செய்ததில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்பதை லொக்கேஷனில் பார்த்துக்கொள்வார். அந்தக் கேள்வி வராத நிம்மதியில்தான் என்னால் தூரத்தைக் கூட்ட முடிந்தது.

அவர் கவனித்த இன்னொன்று எனக்கே தெரியாதது. நீண்ட ஓட்டம் முடிந்து வந்தால் நான் எரிந்து விழுவேன். களைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் பேசாமல் என் சட்டைப் பையில் திரும்பி வரும் தின்பண்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, ஒருநாள் சொன்னார்: "கொண்டுபோனதுல பாதி அப்படியே வருது. நீ பசியிலதான் கத்துறே." உடம்பில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சில மணி நேரம் அழுத்தி மிதித்தாலே தீர்ந்துவிடும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதன் பிறகு மணிக்கு ஒன்று என்று சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். எத்தனை பொட்டலம் காலியாகிறதோ அத்தனை மணி நேரம் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறேன் என்று அர்த்தம். (ஒவ்வொருவர் வயிறும் வேறு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.)

முட்டியின் முன்பக்கம் வலி வந்தபோதும் அவர்தான் பக்கவாட்டில் நின்று நான் மிதிப்பதைப் படம் பிடித்தார். பெடல் கீழே இருக்கும்போதும் கால் நன்றாக மடங்கியே இருந்தது. சீட் தாழ்வாக இருந்தால் முன்முட்டி வலிக்கும், அதிகம் உயர்ந்தால் முட்டிக்குப் பின்னால் இழுக்கும். கொஞ்சம் ஏற்றியதில் சரியானது. பார்க்கிற கண் ஒன்று கூட இருந்தால் போதும், அவருக்கு சைக்கிள் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

400-க்கு முன்னால் நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். கண் சொக்கி வண்டி தள்ளாடினாலோ, குடித்த தண்ணீர் வயிற்றில் தங்காவிட்டாலோ, இருட்டில் விளக்கு போய்விட்டாலோ நிறுத்திவிட வேண்டும். மற்றபடி 'போதும், வா' என்ற பேச்சை அவர் எடுக்கக் கூடாது. நள்ளிரவு தாண்டி ஒரு கன்ட்ரோலில் இறங்கி, என்னால் முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். அங்கே எனக்காகக் காத்திருந்தார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "தண்ணி இறங்குதா? கண்ணு சொக்குதா? லைட் எரியுதா?" மூன்றும் சரி. "அப்போ இருபது நிமிஷம் படு, எழுப்பறேன்." எழுப்பினார். 27 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தேன். அன்றைக்கு அவர் பரிதாபப்பட்டு வண்டியில் ஏறச் சொல்லியிருந்தால் நிச்சயம் ஏறியிருப்பேன், அதற்காக இன்றுவரை வருந்திக்கொண்டும் இருப்பேன்.

கணவர் புராணம் பாடுகிறாள் என்று யாராவது பின்னூட்டம் போடலாம். வீட்டுத் துணையே இல்லாமல் ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் என்னைவிட உறுதியானவர்கள். துணை இல்லாவிட்டால் முடியாது என்று நான் சொல்லவில்லை. கேட்டவருக்குத் துணையாக இருக்க மனம் இருக்கிறது, அதை எதில் செலவிடலாம் என்றுதான் சொல்கிறேன்.

இதோடு சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 600 கி.மீ.யை 40 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு வந்த ஒரு பெண்ணிடம் "எத்தனை கிலோ குறைஞ்சுது?" என்று கேட்பதை நிறுத்துங்கள். என் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், உடன் வேலை செய்பவர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். ஆண்களிடம் எந்த வழியாகப் போனீர்கள், காற்று எப்படி இருந்தது என்றுதானே கேட்கிறார்கள்? இரவெல்லாம் எதிர்காற்றில் மிதித்தது எடை மெஷினுக்காக இல்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். இந்த வாரமே ஒரு வேலை இருக்கிறது. பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிக் காற்றடிக்க உங்கள் மனைவிக்கு வருகிறதா என்று பாருங்கள். செயினும் கியரும் இருப்பதால் முன் சக்கரத்தைவிட இது சிரமம். வராவிட்டால் வீட்டிலேயே திரும்பத் திரும்பச் செய்து பார்க்கட்டும், கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்லைட் வெளிச்சத்தில் மட்டும். எவ்வளவு நேரம் தடுமாறினாலும் நீங்கள் கை வைக்காதீர்கள். டயருக்குள் முள்ளோ கண்ணாடித் துண்டோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் புது டியூப்பை உள்ளே விட்டால் மட்டும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.