எலும்பு பவுடருக்கு 3,600 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. போன மாதம் எடுத்த, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுத் தரும் அடர்த்தி மதிப்பெண்) முதுகெலும்பில் மைனஸ் 2.9, இடுப்பில் மைனஸ் 2.4 என்று வந்தது. ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய் என்று சொல்லி, எலும்பு கரைவதைக் குறைக்க வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை, தினமும் கால்சியம், வைட்டமின் டி பொடி என டாக்டர் எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர் ஒருவரோ, "மாத்திரை எல்லாம் வேண்டாம், இந்த எலும்பு பவுடரை மூன்று மாதம் குடித்தால் அடர்த்தி நார்மலாகிவிடும்" என்கிறார். மூன்று டப்பா 3,600 ரூபாய். மேலே ஏறி நின்றால் அதிரும் ஒரு மெஷினையும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? டப்பாவின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பணத்துக்கு உங்கள் வீட்டிலேயே நல்ல செலவு காத்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில், இரண்டு ஸ்பூன் பவுடரில் 200 மி.கி. கால்சியம் என்று இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், ஏறக்குறைய 240 மி.கி. இருக்கிறது. லேபிளில் பொருள்களின் பட்டியலைப் பாருங்கள், இரண்டாவதாகவே சர்க்கரை. மூலையில் பொடி எழுத்தில், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணோடு வரும் இது உணவுப் பொருள், மருந்து அல்ல. நோயைக் குணமாக்கும் என்று சொல்லி இதை விற்கக் கூடாது. அப்படி எழுதிய விளம்பரம் கையில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

மூன்று மாதக் கணக்கும் பொய்தான். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ். எலும்பு மிக மெதுவாக மாறும். நல்ல மருந்து எடுப்பவர்களுக்கே ஒன்று, இரண்டு ஆண்டு கழித்துத்தான் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதையும் முதலில் எடுத்த அதே மெஷினில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

சரி, மாத்திரையால் மட்டும் அடர்த்தி நார்மலாகிவிடுமா? பலருக்கு ஆகாது. அலெண்ட்ரோனேட்டை ஒழுங்காகச் சாப்பிட்டால் மூன்று ஆண்டில் முதுகெலும்பின் அடர்த்தி சில சதவீதம் கூடும். ஆனால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அம்மாவுக்கு வேண்டியது அதுதான். ரிப்போர்ட்டில் நம்பர் பெரிதாக ஏறவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். என் பெரியம்மா இப்படி ஒரு பவுடரை நம்பி ஒரு வருடம் மாத்திரையை விட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் துணையின்றி நடக்கவே இல்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாத்திரை வாங்கும்போது: 70 மி.கி. அலெண்ட்ரோனேட் வாரத்துக்கு ஒன்றுதான். தினமும் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள், அட்டையின் மேலேயே கிழமையை எழுதி வையுங்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீரில் விழுங்க வேண்டும். காபியோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது, காசு வீண். பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். விழுங்குவதில் சிரமம், சிறுநீரகக் கோளாறு, பல் பிடுங்க வேண்டிய நிலை ஏதாவது இருந்தால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் பெயரை மட்டும் சொல்லி மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விசாரித்துப் பாருங்கள். அங்கே கிடைத்தால் செலவு நன்றாகக் குறையும்.

கால்சியம் அட்டையில் 1250 என்று கொட்டை எழுத்தில் இருப்பது கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் கால்சியம் 500 மி.கி. மட்டுமே. கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட வேண்டும். அம்மா பாண்டப்ரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மாத்திரை தினமும் எடுக்கிறார் என்றால், கால்சியம் சிட்ரேட் வகை ஏற்றதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்கு வேண்டியது 1,200 மி.கி. பாலும் தயிருமாக இரண்டு டம்ளர் போனால் 480. ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் களியோ கூழோ, அதில் 170 போல. முருங்கைக்கீரை, எள்ளுப் பொடி, முள்ளோடு நெத்திலி என்று சேர்த்துக்கொண்டால் ஒரு மாத்திரையே போதும். நல்லதுதானே என்று இரண்டு மூன்றாகப் போடாதீர்கள், சிறுநீரகக் கல்லுக்கு வழி. வைட்டமின் டி 60,000 யூனிட் பொடியும் வாரக் கணக்குதான். எத்தனை வாரம் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அதிர்வு மெஷின் முறிவைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. படி ஏறுவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ரப்பர் பட்டையை இழுப்பது, இவற்றுக்குக் காசே வேண்டாம் அல்லது கொஞ்சம் போதும். பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு தடவை காட்டிக் கற்றுக்கொள்ளட்டும். குனிந்து காலைத் தொடும் யோகாசனங்கள் மட்டும் வேண்டாம், பலவீனமான முதுகெலும்பு அதில் நொறுங்கலாம்.

இப்போது அந்த 3,600 ரூபாய். கழிப்பறையிலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் துளை போட்டுப் பொருத்தும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிகள் வாங்குங்கள். ஒட்டிக்கொள்ளும் ரப்பர் வகை வேண்டாம், ஆள் பாரம் விழுந்தால் கழன்று வரும். வழுக்காத மிதியடி, படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒரு இரவு விளக்கு, அப்புறம் அம்மாவின் தேய்ந்த செருப்புக்குப் பதில் புதுச் செருப்பு.

கேள்வி: மருந்துக்கடை நடத்திய இலவச முகாமில் குதிகாலை மெஷினில் வைத்துப் பார்த்து, "எலும்பு மோசம்" என்று சொல்லி அங்கேயே 2,000 ரூபாய்க்கு மாத்திரை கொடுத்தார்கள். தொடரலாமா?
– வாசகர், மதுரை

பதில்: குதிகாலில் பார்ப்பது அல்ட்ராசவுண்ட். மேலே விசாரிக்க வேண்டும் என்ற அறிகுறியை அது தரலாம், நோயை உறுதி செய்யாது. இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுக்கும் டெக்ஸாதான் கணக்கு. பிரிக்காத அட்டைகளை பில்லோடு எடுத்துப் போய்த் திருப்பிக் கேளுங்கள். பில் தரவில்லை என்றால் அதுவே ஒரு புகார்.

கேள்வி: மனைவிக்கு ஆஸ்டியோபோரோசிஸுக்காக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டெனோசுமாப் ஊசி. இந்த முறை பணம் புரட்டத் தாமதமாகிறது. இரண்டு மாதம் தள்ளிப் போடலாமா?
– வாசகர், கோவை

பதில்: தள்ளாதீர்கள். மற்ற மருந்துகளைப் போல அல்ல, இந்த ஊசி நின்றால் சேர்ந்த அடர்த்தி வேகமாகக் கரையும், முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் அதற்குப் பதிலாக வேறு மருந்து தொடங்க வேண்டும், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தியாவிலேயே தயாராகும் விலை குறைந்த டெனோசுமாப் ஊசிகள் இருக்கின்றன, பணக் கஷ்டத்தை மறைக்காமல் சொல்லி அதை எழுதித் தரக் கேளுங்கள். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கடையில் பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள், ஐஸ் பெட்டியில் கொண்டு போங்கள். இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.