1995 தெற்காசியக் கிண்ணம்: இலங்கையின் வெற்றி பற்றி

வணக்கம். திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் நடக்கவிருக்கும் சுற்றுப்போட்டி மலருக்காகத் தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணத்தை வென்ற அணிகளின் பட்டியல் தயாரிக்கையில், ‘சாஃப்’ (தெற்காசிய உதைபந்தாட்டச் சம்மேளனம்) என்ற பெயரில் 1995ஆம் ஆண்டைக் காண முடியவில்லை என்றும், ஆகவே இலங்கையின் வெற்றியை நீக்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நீக்காதீர்கள்.

1993இல் லாகூரில் சார்க் தங்கக் கிண்ணமாகத் தொடங்கிய அதே தொடர், 1995இல் கொழும்பில் தெற்காசியத் தங்கக் கிண்ணம் என்ற பெயரில் நடைபெற்றபோது, இலங்கை இறுதியாட்டத்தில் இந்தியாவை மேலதிக நேரத்தில் 1–0 என வென்றது. இத்தொடரில் நமக்குக் கிடைத்த ஒரே கிண்ணம் அதுவே. பெயர் மாறிக்கொண்டே வந்ததால்தான் இந்தக் குழப்பம் (திருகோணமலையில் பழைய ஆட்டக்காரர் எவரிடமாவது கேட்டிருந்தால் அரைமணி நேரம் விளக்கியிருப்பார்).

2023ஆம் ஆண்டு வரிசையில் இலங்கை இல்லாதது உங்கள் தவறன்று. அவ்வாண்டு ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான ஃபீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியதால், பெங்களூரில் நடந்த தொடரில் நமது அணி ஆடவில்லை. லெபனானும் குவைத்தும் அழைப்பு அணிகளாக ஆடின. குவைத்தை இறுதியில் பெனால்டி உதைகளில் வென்று இந்தியா ஒன்பதாவது கிண்ணத்தைப் பெற்றது. ஆப்கானிஸ்தானின் 2013 வெற்றியையும் விட்டுவிடாதீர்கள். அந்நாடு இப்போது மத்திய ஆசிய உதைபந்தாட்டச் சங்கத்தில் இருப்பதால் பலர் மறந்துவிடுகின்றனர்.