வானத்தில் எரிபொருள் நிரப்ப விலை உயர்ந்த த்ராட்டில் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமானம் ஓட்டும் கணினி விளையாட்டில் எஃப்/ஏ-18சி ஹார்னெட் போர் விமானம் ஓட்டுகிறேன். வானத்தில் எரிபொருள் தரும் டேங்கர் விமானத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறேன், ஆனால் அதன் குழாய் முனையில் இருக்கும் கூடையான பாஸ்கெட் பக்கத்தில் வந்ததும் விமானம் முன்னும் பின்னும் ஊசலாட ஆரம்பித்துவிடுகிறது. கையில் இருப்பது ஆரம்ப விலை ஹோட்டாஸ் செட், அதாவது ஸ்டிக்கும், இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் லீவரான த்ராட்டிலும். விலை உயர்ந்த த்ரஸ்ட்மாஸ்டர் வார்ட்ஹாக் செட் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். இந்த ஊசலாட்டத்துக்குக் கருவியும் காரணமாக இருக்கலாம், கையும் காரணமாக இருக்கலாம், பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும். கை பழகாத வரை எவ்வளவு பணம் கொட்டினாலும் வீண்.

முதலில் கருவியைச் சோதித்துவிடுங்கள். விண்டோஸில் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர் செட்டிங்கைத் திறந்து, த்ராட்டிலைத் தொடாமல் சும்மா விட்டுப் பாருங்கள். அளவுகோல் தானாக நடுங்கினால் லீவரின் இடத்தை அளக்க உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது அல்லது தூசி சேர்ந்திருக்கிறது; கான்டாக்ட் க்ளீனர் கொஞ்சம் அடித்தாலே பல நேரம் சரியாகிவிடும். அடுத்ததாக, நூலளவு மட்டும் தள்ளிப் பாருங்கள். உடனே நகர்கிறதா, இல்லை ஈரம் குடித்த மர டிராயர் மாதிரி முதலில் இறுக்கிப் பிடித்துவிட்டுத் திடீரென்று ஒரு குதி குதிக்கிறதா? குதித்தால் அதுதான் உங்கள் எதிரி. சென்சார் எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் இதைத் தீர்க்காது. உள்ளே பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு நல்ல கிரீஸ் பூசினால் பாதிப் பிரச்சனை போய்விடும், ஆனால் வாரன்ட்டி இருக்கும்போது திறந்துவிடாதீர்கள். சில மலிவு செட்களில் த்ராட்டிலின் நடுவில் 'டக்' என்று ஒரு தடை வேறு இருக்கும். டேங்கர் பின்னால் நிற்கத் தேவையான பவர் அந்த இடத்திலேயே வந்து விழுந்தால் சிரமம்தான், அப்போது மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம் காசே செலவில்லாத வேலை ஒன்று. டிசிஎஸ் கன்ட்ரோல் செட்டிங்கில் த்ராட்டிலுக்கு ஆக்ஸிஸ் ட்யூன் என்று ஒரு பெட்டி உண்டு. டேங்கர் பின்னால் வேகம் பொருந்தி நிற்கும்போது லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, யூசர் கர்வை டிக் செய்து, லீவர் அசைவுக்கு எவ்வளவு பவர் என்று காட்டும் கோட்டை அந்த இடத்தைச் சுற்றி மட்டும் கொஞ்சம் படுக்க வையுங்கள். லீவரை அதே தூரம் தள்ளினாலும் பவர் குறைவாகத்தான் மாறும். அதற்கு ஈடாக மற்ற இடங்களில் கோடு செங்குத்தாகும், அதனால் அளவோடு செய்யுங்கள்.

இனி கை. ஹார்னெட் இன்ஜின் நீங்கள் தள்ளியவுடன் பதில் சொல்வதில்லை, சுழற்சி ஏறச் சற்று நேரம் பிடிக்கும், அதற்குள் 'இன்னும் நகரவில்லையே' என்று மேலும் தள்ளினால் எல்லாப் பவரும் ஒன்றாக வந்து சேர்ந்து டேங்கரை இடிக்கப் போவீர்கள், பயந்து மொத்தமாக இழுப்பீர்கள், ஊசலாட்டம் ஆரம்பமாகிவிடும். தள்ளுங்கள், பலன் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தள்ளியதில் பாதியைத் திரும்ப எடுங்கள். இழுக்கும்போதும் அப்படித்தான். பாஸ்கெட்டுக்குச் சற்றுப் பின்னால் முழுசாக நின்று, ட்ரிம் செய்து (ஸ்டிக்கைப் பிடித்து அழுத்தாமலே விமானம் நிலையாகப் பறக்கும்படி சரிசெய்து), அங்கே அரை நிமிடம் அசையாமல் நிற்க முடிந்த பிறகுதான் முன்னே போக வேண்டும், அதுவும் டேங்கரைவிட இரண்டு மூன்று நாட் அதிக வேகத்தில் மட்டும். கண்ணை பாஸ்கெட்டில் வைக்காதீர்கள், அது ஆடிக்கொண்டே இருக்கும், துரத்தினால் நீங்களும் ஆடுவீர்கள். டேங்கரின் உடலைப் பாருங்கள், பாஸ்கெட் ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும். தொட்ட பிறகும் ஓய்வு கிடையாது: எரிபொருள் ஏற ஏற விமானம் கனக்கும், அதே பவரில் மெல்லப் பின்தங்கும், அதனால் நூல் நூலாகக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

த்ராட்டில் மேஜையில் வழுக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்குவதும், முன்கை ஊன்ற ஒரு இடம் இருப்பதும் பலர் நினைப்பதைவிட முக்கியம். தோளிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு நூலளவு அசைவெல்லாம் செய்ய முடியாது.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். வார்ட்ஹாக் த்ராட்டிலில் லீவரின் இடத்தைக் காந்தம் வைத்து உரசாமல் அளக்கும் ஹால் சென்சார், எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று வைத்துக்கொள்ள வசதி, இரண்டு இன்ஜினுக்கும் தனித்தனி லீவர் எல்லாம் இருக்கின்றன, நல்ல பொருள்தான். எந்த பிராண்டானாலும் பட்டன் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் லீவருக்கு நீளமான ஓட்டம், நடுவில் தடை இல்லாமை, இறுக்கத்தை மாற்றும் வசதி இந்த மூன்றையும் பாருங்கள்.

கேள்வி: எரிபொருள் நிரப்பிப் பழக எந்த விமானத்தை வாங்கலாம்? ஹார்னெட்டா, எஃப்-16ஆ?

பதில்: இரண்டையுமே வாங்காமல் ஓட்டிப் பார்க்கலாம். டிசிஎஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கும் பதிப்பில் பெரும்பாலான விமானங்களுக்கு 14 நாள் இலவச சோதனை உண்டு. ஸ்டீம் பதிப்பில் கிடையாது. ஹார்னெட்டில் எரிபொருள் வாங்கும் குழாயான ப்ரோபை நீட்டி நீங்களே பாஸ்கெட்டில் கோர்க்க வேண்டும். எஃப்-16இல் நீங்கள் சரியான இடத்தில் நின்றால் போதும், டேங்கர்காரர் பூம் என்ற கெட்டிக் குழாயை நீட்டிக் கோர்த்துவிடுவார், கேசி-135 டேங்கரின் அடிவயிற்றில் இருக்கும் விளக்கு வரிசைகள் மேலே, கீழே, முன்னே, பின்னே என்று வழியும் காட்டும். ஆரம்பத்துக்கு என் ஓட்டு எஃப்-16க்கு.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்கு ஹோட்டாஸ் ஒன்று பார்த்தேன், 'இம்போர்ட்டட், ரிட்டர்ன் இல்லை' என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பெட்டியின் படம் கேளுங்கள். இந்தியாவில் முறையாக இறக்குமதியான பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இங்கே வாரன்ட்டி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், விலை குறைந்ததற்குக் காரணமும் அதுவாகவே இருக்கும். பழைய பொருள் என்றால் த்ராட்டிலை மெதுவாகத் தள்ளும்போது கன்ட்ரோலர் திரையில் அளவுகோல் நகர்வதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

புதியது வாங்கினால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து, அன்றே எல்லா ஆக்ஸிஸையும் பட்டனையும் சோதித்துவிடுங்கள். ரிட்டர்ன் இல்லை என்று போட்டிருந்தாலும் பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவ முடியாது. 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிப்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது.